கனவு வீட்டில் யாரும் குடியிருப்பதில்லை

நடக்காத ஒன்றை நினைத்து மகிழ்ந்திருப்பவரைத் தமிழில் ‘மனக்கோட்டை கட்டுகிறார்’ என்கிறோம். அவர் நினைப்பது பணமாகவோ பதவியாகவோ காதலாகவோ இருக்கலாம். ஆயினும் சொல் மாறுவதில்லை. பகற்கனவு எதுவானாலும் அதைக் கட்டட வேலையாகவே மொழி கண்டிருக்கிறது. வேலை எதுவும் இல்லாத வேளையில் மனம் தானாக விரும்பிச் செய்யும் காரியங்களுள் இல்லாத வீடொன்றை எழுப்பி அதற்குள் உலவி வருவதும் ஒன்று என்பதால், இந்த உருவகம் தற்செயலானதாகத் தோன்றவில்லை. வீடு வாங்கும் எண்ணமோ வசதியோ சிறிதும் இல்லாதவர்களும் வீட்டு வரைபடங்களை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வழியில் கண்ட ஒரு சன்னலுக்குப் பின்னால் தமக்கொரு நாற்காலியைப் போட்டுக்கொள்கிறார்கள்.

அப்படி எழுப்பப்படும் வீடுகளுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. அங்கே வெயில் எப்போதும் சாய்வாகவே விழுகிறது. துணி காய்வதில்லை, குழாய் ஒழுகுவதில்லை, பக்கத்து அறையில் யாரும் இருமுவதில்லை. பெரும்பாலும் ஆட்களே இருப்பதில்லை. கனவு காண்பவர்கூட அங்கே சுற்றிப் பார்க்க வந்தவரைப் போலத்தான் நிற்கிறார். அழகான வீடு என்று நாம் கற்பனை செய்வதற்கும், நம் வீடு என்று நாம் உணர்வதற்கும் உள்ள தொலைவு இந்த ஆளில்லாத அறைகளிலிருந்துதான் தொடங்குகிறது என்பது என் கருத்து.

மனம் ஓய்வில் சும்மா இருப்பதில்லை என்பதற்கு இப்போது சான்றுகள் உண்டு. குறிப்பிட்ட வேலை எதுவும் தரப்படாமல் ஒருவர் ஓய்ந்திருக்கும்போது மூளையின் சில பகுதிகள் அடங்குவதற்குப் பதிலாகக் கூடுதலாக இயங்குவதை, 2001இல் அமெரிக்க நரம்பியல் அறிஞர் மார்கஸ் ரைக்கிலும் அவருடைய குழுவினரும் விளக்கினர். பழைய நினைவு, எதிர்காலத் திட்டம், பகற்கனவு ஆகிய மூன்றோடும் இந்தப் பகுதிகளுக்குத் தொடர்பு இருப்பது பின்னர் தெரியவந்தது. 2010இல் மாத்யூ கில்லிங்ஸ்வொர்த்தும் டேனியல் கில்பர்ட்டும் 2,250 பேரிடம் கைப்பேசி வழியாக நாளின் வெவ்வேறு நேரங்களில், என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள், எதை நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டுத் தொகுத்தார்கள். கிடைத்த பதில்களில் ஏறத்தாழ 47 விழுக்காட்டில், கை ஒரு வேலையிலும் மனம் வேறெங்கோவும் இருந்தன. விழித்திருக்கும் பொழுதில் கிட்டத்தட்டப் பாதியை வேறெங்கோ கழிக்கும் மனத்திற்கு அந்த வேறிடத்திலும் ஒரு கூரை தேவைப்படுவதில் வியப்பில்லை.

அந்தக் கூரைக்கான சரக்கு நினைவிலிருந்துதான் வருகிறது. இதை மிகத் தெளிவாகக் காட்டியது 2007இல் டெமிஸ் ஹசாபிஸ், எலினார் மக்வயர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு. மூளையில் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி பழுதடைந்து, நிகழ்ச்சிகளை நினைவில் வைக்கும் ஆற்றலை இழந்திருந்த சிலரிடம், வெண்மணற் கடற்கரையொன்றில் படுத்திருப்பது போன்ற எளிய காட்சிகளைக் கற்பனை செய்து சொல்லுமாறு அவர்கள் கேட்டனர். அவர்களில் பெரும்பாலோருக்கு மணல், வானம் என்று துண்டு துண்டாகச் சில சொல்ல முடிந்ததே தவிர, அவற்றை ஒன்றுகோத்து ஓரிடமாக்கி அதற்குள் தம்மை நிறுத்திப் பார்க்க முடியவில்லை. கடந்ததை நினைப்பதற்கும் வராததை எண்ணிப் பார்ப்பதற்கும் ஒரே பட்டறையைத்தான் மூளை பயன்படுத்துகிறது போலும். முற்றிலும் புதிய கனவு வீடு என்று ஒன்று இருக்க முடியாது. சிறுவயதில் ஒளிந்துகொண்ட மாடிப்படியின் அடியிடம், யாரோ ஓர் உறவினர் வீட்டின் குளிர்ந்த தரை, நாமே இன்னாரென்று அறியாத ஒருவரின் வீட்டுப் புகைப்படம் என்று, பழைய செங்கற்களை உருவியெடுத்துத்தான் அது கட்டப்படுகிறது.

செங்கல் எங்கிருந்து வந்தாலும், கட்டும் முறையில் சில விருப்பங்கள் பலருக்கும் பொதுவாக இருக்கின்றன. பிரிட்டிஷ் புவியியலாளர் ஜே ஆப்பிள்டன் 1975இல் முன்வைத்த ஒரு கருதுகோள் இதற்கு நல்ல விளக்கம் தருகிறது. தன்னை மறைத்துக்கொண்டு வெளியே தொலைவரை பார்க்க முடிகிற இடங்களே மனிதருக்கு இன்பம் தருகின்றன என்றும், காட்சியும் புகலிடமும் ஒருங்கே அமைவதே அந்த இன்பத்தின் அடிப்படை என்றும் அவர் வாதிட்டார். நிலக்காட்சியை ரசிப்பது பற்றித்தான் அவர் எழுதினார் என்றாலும், கனவு வீடுகளில் திரும்பத் திரும்ப வரும் சன்னலோர இருக்கை, மாடித் தாழ்வாரம், மழையைப் பார்த்தபடி நனையாமல் இருக்கும் மூலை ஆகிய எல்லாவற்றுக்கும் அது பொருந்துகிறது: முதுகுக்குச் சுவர், முகத்துக்கு வெளி. இத்தகைய விருப்பங்களை ஒரு கட்டடக் கலைஞர் எவ்வளவு நுணுக்கமாகக் கவனிக்க முடியும் என்பதற்கு 1977இல் கிறிஸ்டோபர் அலெக்சாண்டரும் உடன் பணியாற்றியவர்களும் தொகுத்த 253 அமைப்புமுறைகள் சான்று. ஆறடிக்குக் குறைந்த ஆழமுள்ள மாடத்தை, அதாவது பால்கனியை, பெரும்பாலும் யாரும் பயன்படுத்துவதில்லை என்பது அவற்றுள் ஒன்று. நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, நடுவில் சிறு மேசை வைத்துப் பேசிக்கொண்டிருக்க அதற்குக் குறைந்த இடம் போதாதாம். கனவில் வரும் மாடங்களுக்கு அளவு இருப்பதில்லை என்பதால் இந்தச் சிக்கல் அங்கே எழுவதில்லை.

மனத்தில் கட்டுவது பற்றிப் பேசும்போது, தமிழர் நினைவுக்கு உடனே வருபவர் பெரிய புராணத்தின் பூசலார். பொருள் இல்லாத நிலையில் மனத்துக்குள்ளேயே இறைவனுக்குக் கோயில் எடுத்தவர் அவர். அரசன் கல்லால் கட்டிய கோயிலின் குடமுழுக்கை வேறொரு நாளுக்குத் தள்ளிவைக்கும்படி இறைவனே அவன் கனவில் வந்து சொல்லும் அளவுக்கு அந்த மனக்கோயிலுக்கு மதிப்பிருந்தது. இந்தக் கதையைப் பக்தியின் பெருமைக்காக மட்டும் சொல்வது வழக்கம். ஆனால் சேக்கிழார் அதைச் சொல்லும் விதத்தில் வேறொன்றும் இருக்கிறது. பூசலார் முடிந்த கோயிலை ஒரே வீச்சில் நினைத்துவிடவில்லை. பொருள் தேடுகிறார், தச்சரைத் தேடுகிறார், நல்ல நாள் பார்த்து அடித்தளம் இடுகிறார், இரவிலும் கண்ணுறங்காமல் வேலை நடத்துகிறார், சிகரம் வைத்துச் சுதை பூசுகிறார், கிணறும் குளமும் தோண்டி மதிலும் எடுக்கிறார். மனத்தில்கூட அவர் காலத்தைக் குறைத்துக்கொள்ளவில்லை.

நம்முடைய பகற்கனவில் இல்லாமற்போவது அந்தக் காலம்தான். 1999இல் லியன் ஃபாம், ஷெல்லி டெய்லர் ஆகிய உளவியலாளர்கள் தேர்வெழுதவிருந்த மாணவர்களில் ஒரு பகுதியினரை நல்ல மதிப்பெண் பெற்றதாகக் கற்பனை செய்யவும், இன்னொரு பகுதியினரைப் படிக்கும் முறையைப் படிப்படியாகக் கற்பனை செய்யவும் பணித்தனர். இரண்டாம் பிரிவினரே கூடுதலாகப் படித்துக் கூடுதல் மதிப்பெண்ணும் பெற்றனர். முடிவின் இனிமையை முன்கூட்டியே துய்த்துவிட்டால் முயற்சிக்கான ஊக்கம் தளர்கிறது என்று கேப்ரியேல் ஊட்டிங்கனின் ஆய்வுகளும் காட்டுகின்றன. வீட்டைப் பொறுத்தவரை இதை நான் குறையாகச் சொல்லவில்லை. வாங்கப்போவதில்லை என்று தெரிந்தே காணும் கனவுக்கு ஊக்கம் எதற்கு? ஆனால் உண்மையிலேயே ஒரு வீட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நாளிலும் அதே கனவின் கண்களால் பார்ப்பதுதான் சிக்கலைத் தருகிறது.

அந்தச் சிக்கலின் தன்மையை எலிசபெத் டன், திமோதி வில்சன், டேனியல் கில்பர்ட் ஆகியோர் 2003இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றில் மாணவர்களுக்கு விடுதிகள் குலுக்கல் முறையில் ஒதுக்கப்பட்டன. எந்த விடுதி கிடைத்தால் எவ்வளவு மகிழ்ச்சியாக இருப்பீர்கள் என்று முன்னரே கேட்டபோது, விரும்பிய கட்டடம் கிடைத்தால் பெருமகிழ்ச்சி என்றும் விரும்பாதது கிடைத்தால் பெருந்துயரம் என்றும் மாணவர்கள் கணித்தார்கள். ஓராண்டு கழித்துக் கேட்டபோது இரு தரப்பினரின் மகிழ்ச்சியிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கணிக்கும் வேளையில் அவர்கள் கட்டடத்துக்குக் கட்டடம் வேறுபடும் இடவசதியையும் அமைவிடத்தையும் பெரிதாக எண்ணினார்கள்; உடன் வாழும் மனிதர்களோ எல்லாக் கட்டடங்களிலும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருப்பதால் அவர்களைக் கணக்கில் கொள்ளவில்லை. ஒப்பிடும்போது கண்ணில் படுவது வேறுபாடு மட்டுமே. வாழும்போது நாளை நிரப்புவதோ, எல்லா இடங்களிலும் பொதுவாக இருப்பவை.

கனவில் கேட்டு வாங்கிய அறைகள் பின்னர் என்ன ஆகின்றன என்பதையும் ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் மானிடவியலாளர்களும் தொல்லியலாளர்களும் 2000க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் 32 குடும்பங்களின் வீடுகளுக்குள் சென்று, தோண்டியெடுத்த பழம்பொருளைப் பதிவு செய்வதைப் போல ஒவ்வொரு பொருளையும் பதிவு செய்தார்கள். குறிப்பிட்ட இடைவெளிகளில் யார் எந்த அறையில் இருக்கிறார் என்றும் குறித்தார்கள். ஒரு குடும்பத்தின் நடமாட்டத்தை வீட்டு வரைபடத்தின் மீது புள்ளிகளாக இட்டபோது, சமையலறையிலும் உணவு மேசையைச் சுற்றியும் தொலைக்காட்சிக்கு முன்பும் புள்ளிகள் மொய்த்திருந்தன. விருந்தினருக்கென ஒதுக்கிய கூடமும் முன்புறத் தாழ்வாரமும் கிட்டத்தட்ட வெறுமையாக இருந்தன. கார் நிறுத்துவதற்கான கொட்டகைகளில் பெரும்பாலானவற்றில் கார் நிற்க இடமின்றிப் பொருள்கள் அடைந்து கிடந்தன. கனவில் நாம் கட்டுவது முழு வீடு. வாழ்வதோ அதன் ஒரு மூலையில்.

கனவு ஏமாற்றிவிட்டது என்ற பழைய முடிவுக்கு இங்கே எளிதாக வந்துவிடலாம். புதிய வீட்டின் மகிழ்ச்சி சில திங்களில் தேய்ந்துவிடுகிறது, பழகிப்போவதே அதற்குக் காரணம் என்று சொல்வார்கள். உண்மைதான். ஆனால் பழக்கத்தின் வேலை அத்தோடு முடிவதில்லை. பெரிய சன்னலின் அழகை ஆறாம் மாதத்தில் கண்ணிலிருந்து மறைக்கும் பழக்கம்தான், ஏழாம் மாதத்தில் அந்த இடத்தை நம்முடையதாக்கத் தொடங்குகிறது. இரண்டும் ஒரே நிகழ்வின் இரு முகங்கள் என்பதைக் கவனிக்காததால், வீட்டின் மீதான வியப்பு போனதை நாம் இழப்பாக மட்டுமே எண்ணிவிடுகிறோம்.

மின்சாரம் நின்றுபோன இரவை நினைத்துப் பாருங்கள். பழகிய வீட்டில் கை தானாகச் சுவரைத் தேடுகிறது, கால் தானாக மேசையின் முனையைத் தவிர்க்கிறது, எத்தனை படிகள் என்று எண்ணாமலேயே உடல் இறங்கி முடிக்கிறது. விலங்கு ஓர் அறையின் குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் தூண்டப்படும் உயிரணுக்கள் ஹிப்போகாம்பஸில் இருப்பதை ஜான் ஓ’கீஃப் 1971இல் எலிகளிடம் கண்டறிந்தார். மூளைக்குள் இடம் குறித்த ஒரு வரைபடம் இயங்குவதை விளக்கிய இத்தகைய ஆய்வுகளுக்காக அவருக்கும், மை-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் இணையருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. பிரெஞ்சு மெய்யியலாளர் காஸ்தோன் பாஷ்லார் இதே செய்தியை 1957இல் வேறு வழியில் எழுதியிருந்தார்: பிறந்த வீட்டுக்கு இருபது ஆண்டுகள் கழித்துத் திரும்பினாலும், சற்றே உயரமான அந்த ஒரு படியில் நம் கால் இடறாது என்றார் அவர். வாசனையும் அப்படித்தான். எல்லா வீடுகளுக்கும் ஒரு வாசனை உண்டு; நம் வீட்டின் வாசனை மட்டும் நமக்குத் தெரிவதில்லை. நீண்ட பயணத்துக்குப் பிறகு கதவைத் திறக்கும் முதல் சில நொடிகளில் அது மூக்கில் பட்டு உடனே மறைந்துவிடுகிறது. மூக்கு அதைப் பொருட்படுத்துவதை நிறுத்தும் அந்தக் கணத்தில் நாம் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறோம்.

பழக்கம் தானாக வந்து படிவதற்கும் ஓர் எல்லை உண்டு. சிறையில் பல்லாண்டு இருந்தவருக்கும் அறை பழகிவிடுகிறது, ஆனால் அதை அவர் வீடு என்பதில்லை. இடத்தின் மீது சிறிதளவேனும் நம் கை செல்ல வேண்டும். எலன் லாங்கர், ஜூடித் ரோடின் ஆகியோர் 1976இல் வெளியிட்ட ஆய்வொன்று இதற்குப் பொருத்தமானது. முதியோர் இல்லமொன்றில் ஒரு தளத்தில் இருந்தவர்களிடம், அறையை எப்படி அமைத்துக்கொள்வது என்பது உங்கள் முடிவு என்று வலியுறுத்திச் சொல்லி, பேணி வளர்க்க ஆளுக்கொரு செடியைத் தேர்ந்தெடுக்கச் செய்தார்கள். மற்றொரு தளத்தில் இருந்தவர்களுக்கும் செடி தரப்பட்டது. அதைப் பணியாளர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்லப்பட்டது. சில வாரங்களில் முதல் தளத்தினர் கூடுதல் சுறுசுறுப்போடும் மகிழ்ச்சியோடும் காணப்பட்டார்கள். ஆய்வு சிறியதுதான். எனினும், சுவரில் ஆணியடிக்கக் கூடாது என்று எழுதித் தரப்பட்ட ஒப்பந்தத்தோடு வாடகை வீட்டில் வாழ்ந்த எவரும் அதன் உட்பொருளை மறுக்கமாட்டார். சொத்து யார் பெயரில் இருக்கிறது என்பதைவிட, ஆணியை எங்கே அடிப்பது என்பதை யார் முடிவு செய்கிறார் என்பதே அன்றாடத்தில் உறைக்கிறது.

இந்தக் கைவேலைக்கு மறக்க முடியாத சான்று பிரான்சில் போர்தோ நகருக்கு அருகேயுள்ள பெசாக்கில் இருக்கிறது. வீடு என்பது வாழ்வதற்கான எந்திரம் என்று 1923இல் எழுதிய கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே, தொழிலதிபர் ஆன்றி ஃப்ரூஜெஸ் என்பவருக்காக 1920களின் நடுவில் ஏறத்தாழ 50 வீடுகள் கொண்ட குடியிருப்பை அங்கே அமைத்தார். தட்டைக் கூரை, நீண்ட கிடைமட்டச் சன்னல், திறந்த மொட்டைமாடி, ஒப்பனையற்ற சுவர் என்று அது ஒருவருடைய கனவின் துல்லியமான வடிவம். குடிவந்தவர்கள் என்ன செய்தார்கள்? நீளச் சன்னல்களைக் குறுக்கினார்கள், திறந்த மாடிகளை அடைத்து அறையாக்கினார்கள், சில வீடுகளுக்குச் சாய்கூரை போட்டார்கள், சுவருக்குத் தாங்கள் விரும்பிய வண்ணம் அடித்தார்கள். இதை ஆராய்ந்து ஃபிலிப் பூதோன் 1969இல் ஒரு நூல் வெளியிட்டார். அந்தத் திருத்தங்களைக் கலைஞனின் தோல்வியாக அவர் பார்க்கவில்லை. திருத்துவதற்கு இடங்கொடுக்கும் தன்மை அந்த வீடுகளுக்கு இருந்ததாகவே கண்டார். பின்னர் சில வீடுகள் பழைய வடிவத்துக்கே மீட்கப்பட்டன. 2016இல் அந்தக் குடியிருப்பு யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களில் சேர்ந்தது. இப்போது அதைப் படங்களில் பார்க்கும்போது, மீட்கப்பட்ட வீடுகளின் அழகை மறுக்க முடியாவிட்டாலும், அடைக்கப்பட்ட மாடிகளின் மீதுதான் எனக்குப் பரிவு தோன்றுகிறது.

ஆளில்லாத அறைகளில் தொடங்கியதால் ஆட்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தமிழில் வீட்டைக் கட்டுகிறோம், ஆனால் அதில் ‘குடியிருக்கிறோம்’. குடி என்பது குடும்பத்தையும் குலத்தையும் சுட்டும் சொல். ஒருவர் தனியே வாழும் வீட்டுக்கும் குடியிருப்பு என்றே பெயர். மனை என்ற சொல் இன்று வீடு எழும்பாத வெறும் நிலத்தைக் குறிக்கிறது, பழைய தமிழிலோ அது வாழும் இல்லம். மனைவி என்ற சொல் அதிலிருந்து பிறந்தது. அகம் என்பதற்கு உள், மனம், வீடு என்ற மூன்று பொருளும் உண்டு. வீடு என்ற சொல்லோ விடுதலை என்னும் பொருளையும் உடையது. அறம், பொருள், இன்பத்துக்கு அடுத்து வைக்கப்பட்ட வீடு அதுதான். ஒரு பக்கம் உறவு, மறுபக்கம் எல்லாவற்றிலிருந்தும் விடுபடல்: ஒரே கூரைக்கடியில் நாம் எதிர்பார்ப்பவை எவ்வளவு முரணானவை என்பதை இந்தச் சொற்களே காட்டிக்கொடுக்கின்றன.

உடன் வாழ்பவரின் காலடியோசை கேட்டதும் உடல் தளர்ந்தால் அது வீடு. இறுகினால், பழக்கமும் ஆணியடிக்கும் உரிமையும் இருந்தும் பயனில்லை. 2023ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 51,100 பெண்களும் சிறுமியரும் தம் இணையராலோ குடும்பத்தினராலோ கொல்லப்பட்டதாக ஐக்கிய நாடுகள் அமைப்பு மதிப்பிட்டது. அப்படிப்பட்ட வீடுகளில் வாழ்பவர்களுக்கு, ஆளில்லாத கனவு வீடு வெறும் அழகியல் மயக்கமாக இருக்காது. உள்ளிருந்து தாழிட முடிகிற ஒற்றை அறையே அவர்கள் கட்டும் மனக்கோட்டையாக இருக்கலாம். கனவு வீட்டில் யாரும் இல்லாதது ஏன் என்ற கேள்விக்கு எல்லோருக்கும் ஒரே விடை பொருந்தாது.

பழகிய வீட்டை நாம் கவனிப்பதில்லை என்பதால், அது வீடாக இருந்தது என்பதே பல நேரங்களில் விட்டு நீங்கிய பிறகுதான் தெரிகிறது. 1688இல் பாசல் நகரில் யோகான்னஸ் ஹோஃபர் என்ற இளம் மருத்துவர், அயலூரில் வாழ நேர்ந்தவர்களிடம் கண்ட ஏக்கத்தை ஒரு நோயாகவே விவரித்து, திரும்புதலையும் வலியையும் குறிக்கும் இரண்டு கிரேக்கச் சொற்களை இணைத்து அதற்கு ‘நோஸ்டால்ஜியா’ என்று பெயரிட்டார். அவர் தெரிந்த மருந்துகளையெல்லாம் பரிந்துரைத்தாலும், உறுதியான மருந்தாகக் கருதியது வீட்டுக்கு அனுப்பிவைப்பதைத்தான். திரும்பிச் செல்பவர் அதே வீட்டைக் காண்பாரா என்பது வேறு கேள்வி. ஏக்கத்தில் நினைக்கப்படும் வீடும் மெல்ல மெல்லக் கனவு வீடாகிவிடுகிறது. அங்கேயும் குழாய் ஒழுகுவதில்லை.

மனத்தில் கண்டதைக் கல்லில் கட்டியும், அதை முடிக்காமலே அதற்குள் வாழ்ந்தவர் உளவியலாளர் கார்ல் யுங். தாய் இறந்த பிறகு, 1923இல் சூரிச் ஏரியின் கரையில் பொலிங்கன் என்ற சிற்றூரில் வட்டமான ஒரு கோபுர வீட்டை அவர் எழுப்பினார். நான்காண்டு இடைவெளிகளில், 1927, 1931, 1935 என அதோடு ஒவ்வொரு பகுதியாகச் சேர்த்துக்கொண்டே போனார். தனித்திருக்க ஓர் அறை வேண்டும் என்று தோன்றியபோது அறை வந்தது, வானத்தைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியபோது முற்றம் வந்தது. மின்சாரம் வைத்துக்கொள்ளவில்லை, தண்ணீரைத் தாமே இறைத்தார், விறகைத் தாமே பிளந்தார், மாலையில் பழைய விளக்குகளை ஏற்றினார். எல்லாம் முடிந்துவிட்ட இறுதியான வீடு கனவை நிறுத்திவிடும் என்றும், தற்காலிகத்தில் வாழ்வதே மேல் என்றும் பாஷ்லார் எழுதியதை யுங் படித்திருந்தாரா என்பது இங்கே முக்கியமல்ல. 1955இல் மனைவியும் மறைந்த பிறகு, இரண்டு கோபுரங்களுக்கு நடுவே தாழ்ந்து ஒடுங்கிக் கிடந்த பகுதிதான் தாம் என்று அவருக்குப் பட்டது. எண்பது வயதில் ஆட்களை அழைத்து, அதன் மேல் இன்னொரு தளம் கட்டினார்.